முகப்பில் இருக்கிற பெயரை யாரும் வாசிக்கலாம்

கேள்வி: செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பழைய வீடு எங்களுடையது. கணவர் சிங்கப்பூரில். இங்கே நான், மாமியார், ஏழு வயது மகள். வீடு பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தபடி இருப்பார்கள். போன வாரம் நான் அடுப்படியில் இருந்தபோது, "உங்க ஐயாவுக்கு", அதாவது தாத்தாவுக்கு, "தெரிஞ்சவன்" என்று சொன்ன ஒருவரை மகளே இரண்டாம் கட்டு வரை கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் கை கால் ஓடவில்லை. மகளைத் திட்டினேன். மாமியாரோ, "வந்தவுகள வாங்கன்னு சொன்னது ஒரு தப்பா? பிள்ளைய மிரட்டாத" என்கிறார். எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. "வாங்க" என்று சொல்லட்டும். சொன்ன கையோடு உள்ளே ஓடிவந்து உங்களைக் கூப்பிட வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு அங்கே வேலை இல்லை.

"தெரியாதவங்ககிட்ட பேசாதே" என்ற உபதேசத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. சிரித்த முகமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் குழந்தையின் கணக்கில் தெரிந்தவர்தான். அதிலும் உங்கள் பக்கத்து வீடுகளில் முகப்பிலேயே விலாசமும் (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) ஐயா பெயரும் எழுதியிருக்கும். தெருவில் நின்று அதை வாசித்துவிட்டு, "நான் உங்க ஐயாவுக்குப் பங்காளி முறை" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கல்யாண வீட்டிலும் முன்னோருக்குப் படைக்கிற படைப்பிலும் முறை சொல்லியே ஆட்களை அறிமுகம் செய்து பழக்கிய பிள்ளை அதை நம்பாமல் என்ன செய்யும்?

அதனால் ஆள் யார் என்பதை விடுங்கள். என்ன கேட்கிறார் என்று பார்க்கப் பழக்குங்கள். வழி தெரியாத பெரியவர் இன்னொரு பெரியவரிடம்தான் கேட்பார். குழந்தையிடம் வந்து உதவி கேட்டால், "எங்கம்மாவக் கூப்பிடுறேன்" என்று நகர்ந்துவிட வேண்டும். "அம்மாகிட்ட சொல்லிடாத" என்று யாராவது சொன்னால், அதைத்தான் அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும். "அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றால்? வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். ஐயா பெயரோ விலாசமோ வேண்டாம், அது ஊருக்கே தெரியும். அவளே ஒரு கோமாளித்தனமான சொல்லாகத் தேர்ந்தெடுக்கட்டும். அதைச் சொல்லாதவரோடு ஒரு அடிகூட நடக்கக் கூடாது. ஒருமுறை வெளியாளிடம் சொல்ல நேர்ந்தால் மாற்றிவிடுங்கள்.

சொன்னால் போதாது, நடித்துப் பார்க்க வேண்டும். மாமியாரையே வாசலில் நிறுத்துங்கள். "பாப்பா, உங்கப்பா சாக்லேட் குடுத்துவிட்டிருக்காக, கார்ல இருக்கு, வா" என்று அவர் கூப்பிடட்டும். மகள் கைக்கு எட்டாத தூரத்துக்குப் பின்னால் போய், "இவங்க யாருன்னு தெரியல" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். "மெல்லப் பேசு" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கத்த வராது. வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், நின்று அடித்தொண்டையில் கத்திப் பழகட்டும். முதலில் சிரிப்பாள், பரவாயில்லை.

இன்னொன்று உண்டு. இதில் உங்கள் மாமியார் என்னோடு சண்டைக்கு வரக்கூடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள்: குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர்தான். விசேஷ வீட்டில் "மாமா மடியில உக்காரு, ஒரு முத்தம் குடு" என்று தள்ளிவிடாதீர்கள். அவள் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், கும்பிட்டாலே மரியாதைதான். உறவுக்காரரிடம் மாட்டேன் என்று சொல்ல விடாத பிள்ளை, வெளியாளிடம் மட்டும் எப்படிச் சொல்லும்?

திட்டியதை மகளிடம் பேசிச் சரி செய்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை நடந்ததை மறைத்துவிடுவாள். "என்ன நடந்தாலும் வந்து சொல்லு, திட்ட மாட்டேன்" என்று அடிக்கடி அவள் காதில் விழ வேண்டும்.

எப்போதாவது சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள். பெயர் கெட்டுவிடும் என்று பயந்து மூடி மறைக்கிற குடும்பங்கள் நிறைய. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே வாங்கலாம்; வருகிற போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது.

வீடு காட்டுவதற்கு நேரம் வைத்து, கூடவே ஒரு பெரியவர் போகிறாற்போல் ஏற்பாடு செய்யுங்கள். வாட்ச்மேன் இருந்தால் அவரிடமும் சொல்லிவையுங்கள். பின் தெருவில் திறக்கிற கொல்லைக் கதவுக்கு, மகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள்.