பாலாச்சடிக்கு வந்த பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

ஜாம்நகர் மன்னர் போலந்துப் பிள்ளைகளுக்கு அடைக்கலம் தந்ததைப் பற்றிய உங்கள் குறிப்பில், அவர்கள் 'சோவியத் நாட்டிலிருந்து மீண்டு வந்தவர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். ஹிட்லரிடமிருந்து தப்பியவர்கள் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? என் அப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்தின் புத்தகங்களைப் படித்துத்தான் வளர்ந்தேன். இப்படிப் பேசுவது நாஜிகளின் குற்றத்தைச் சிறிதாக்கிவிடாதா?

எம், மதுரை

அன்புள்ள எம்,

நானும் அந்தப் புத்தகங்களோடு வளர்ந்தவன்தான். அந்த வழவழத் தாளின் வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தப் பிரியத்தை நீங்கள் விடவேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை மாற்றிச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

1939 செப்டம்பர் 1-ல் ஜெர்மனி மேற்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது. 17-ம் தேதி சோவியத்தின் செஞ்சேனை கிழக்கிலிருந்து நுழைந்தது. இருவரும் போலந்தைப் பங்கு பிரிப்பது ஆகஸ்டிலேயே ரகசியமாக முடிந்திருந்தது. 1940 பிப்ரவரி 10, உறைபனிக் காலம். விடிவதற்கு முன்பே சோவியத் ஆட்கள் போலந்துக் குடும்பங்களின் கதவைத் தட்டினார்கள். கையில் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு ஏறியது சரக்கு ரயில். கழிப்பறை என்பது பெட்டியின் தரையில் ஓர் ஓட்டை. அந்த ஒரு முறை மட்டும் சுமார் 1,40,000 பேர், குடும்பம் குடும்பமாக. வடக்கு ரஷ்யாவிலும் சைபீரியாவிலும் மரம் வெட்டினார்கள். ஏப்ரலில் ஏற்றப்பட்டவர்கள் கஜகஸ்தானுக்குப் போனார்கள்.

1941-ல் ஹிட்லர் ரஷ்யாமீதே பாய்ந்த பிறகுதான் விடுதலை வந்தது. அதற்கு வைத்த பெயர் 'பொதுமன்னிப்பு'. என்ன குற்றத்துக்கு மன்னிப்பு? பசியோடும் டைபஸ் காய்ச்சலோடும் தெற்கே நடந்தார்கள். பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று அனாதை இல்லத்தில் விட்டுப்போன தாய்மார்களும் உண்டு. அப்படிச் சேர்ந்த பிள்ளைகள்தான் 1942-ல் சோவியத் துர்க்மீனியாவின் அஷ்காபாத்திலிருந்து லாரிகளில் ஈரான் வழியாக இந்தியாவுக்கு, ஜாம்நகர் அருகே பாலாச்சடி முகாமுக்கு வந்தார்கள். கோலாப்பூர் அருகே வலிவடேயில் இருந்த இன்னொரு முகாமில் ஏறக்குறைய 5,000 பேர் 1948 வரை இருந்தார்கள். பலருக்குத் திரும்பிப்போக ஊரே இல்லை, அது சோவியத் எல்லைக்குள் போய்விட்டது.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். போலந்து ஜெனரல் தோவ்பர்-முஷ்னிட்ஸ்கிக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் யானினா விமானி. செஞ்சேனையிடம் சிறைப்பட்டு, 1940 ஏப்ரலில் ரஷ்யாவின் கத்தின் காட்டில் சுடப்பட்டாள். ஸ்டாலின் கையெழுத்திட்ட உத்தரவுப்படி அந்த வசந்தத்தில் பல இடங்களில் கொல்லப்பட்ட ஏறக்குறைய 22,000 போலந்துக் கைதிகளில் அவளும் ஒருத்தி. தங்கை ஆக்னியெஷ்காவை ஜூன் மாதம் வார்சா அருகே பால்மிரியில் ஜெர்மானியர் சுட்டார்கள். இரண்டு சாவுக்கும் நடுவில் இரண்டே மாதம். அக்காவுக்காக அழுதால் தங்கைக்கான அழுகை குறைந்துவிடுமா, சொல்லுங்கள்.

தங்கை செத்ததைப் போருக்குப் பின் போலந்தில் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது, அக்கா செத்ததைச் சொல்ல முடியவில்லை. கத்தின் படுகொலையை ஜெர்மானியர் தலையில் கட்டியது மாஸ்கோ. ஸ்டாலின் தேவைப்பட்டதால் நேச நாடுகளும் வாயை மூடிக்கொண்டன. மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1990-ல்தான். 1943-ல் ஜெர்மானியர் புதைகுழியிலிருந்து எடுத்துப்போன சில மண்டை ஓடுகளை, போருக்குப் பின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் ஒரு பேராசிரியர் பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார். அதில் ஒன்று யானினாவுடையது என்று 2005-ல் அடையாளம் கண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் லூசோவோ கிராமத்தில், குடும்பக் கல்லறையில், ராணுவ மரியாதையோடு அதை அடக்கம் செய்தார்கள்.