முற்பணம் கட்டியாயிற்று, டிக்கெட் கைக்கு வந்துவிட்டதா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போவதற்காக ஒரு பயண முகவரிடம் பதிவு செய்து, பாதிப் பணத்தை முற்பணமாகக் கட்டினேன். என் பெயர், பயணத் திகதிகள், ஆறு எழுத்துக் குறியீடு ஆகியன அச்சிட்ட தாள் ஒன்றைத் தந்து, எல்லாம் உறுதியாகிவிட்டது என்றார்கள். மீதிப் பணத்துடன் பத்து நாள் கழித்துப் போனபோது கட்டணம் கூடிவிட்டதாகவும், மேலதிகமாக 48,000 ரூபாய் தரவேண்டும் என்றும் சொல்கிறார்கள். இது நியாயமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கையில் இருப்பது ஆசனப் பதிவின் பிரதி, டிக்கெட் இன்னும் வெளியிடப்படவில்லை. அமேடியஸ், சேபர், கலிலியோ போன்ற கணினி முறைமைகளில் முகவர் ஓர் ஆசனத்தைப் பிடித்தவுடன் பி.என்.ஆர். எனப்படும் அந்த ஆறு எழுத்துக் குறியீடு உருவாகிவிடும். பயண விவரத்துக்கு அருகே 'எச்.கே.' என்று இருந்தால், விமான நிறுவனம் அந்த ஆசனத்தை உங்கள் பெயரில் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று பொருள். ஆனால், இன்ன நாள் இன்ன நேரத்துக்குள் டிக்கெட் வெளியிடப்பட வேண்டும் என்ற கெடுவும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. கட்டணத்தின் வகையையும் பயண நாளின் நெருக்கத்தையும் பொறுத்து அது சில மணித்தியாலங்களாகவோ சில நாட்களாகவோ இருக்கலாம். கெடு தவறினால் ஆசனம் தானாகவே ரத்தாகிவிடும். மறுபடி பதியும்போது அந்த மலிவு வகுப்பில் இடம் இல்லாவிட்டால் அடுத்த விலைக்குத்தான் போகவேண்டும். கட்டணமும் வரிகளும் டிக்கெட் வெளியிடப்படும் வேளையில்தான் நிலைப்படுகின்றன. அதற்கு முன் சொல்லப்படும் விலை எதுவும் விமான நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது.

அதற்காக முகவர் பொறுப்பிலிருந்து நழுவிவிட முடியாது. முற்பணம் வாங்கிய ஒருவர், இத்தனையாம் திகதிக்குள் முழுப் பணத்தையும் கட்டுங்கள் என்று எழுதித் தந்திருக்க வேண்டும். பதிவு எப்போது செய்யப்பட்டது, கெடு எப்போது, ரத்தானது எப்போது என்பதெல்லாம் அந்தப் பி.என்.ஆரின் வரலாற்றில் நேரத்துடன் பதிந்திருக்கும். அதைத் திரையில் திறந்து காட்டும்படி கேளுங்கள். கெடுவை உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால் மேலதிகத் தொகையை முகவரே ஏற்பதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து. இணங்க மறுத்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, மூன்று மாதங்களுக்குள், பற்றுச்சீட்டின் பிரதியுடன் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம்.

முழுப் பணத்தையும் கட்டும் அன்றே இ-டிக்கெட் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அது 13 இலக்கங்கள் கொண்டது. முதல் மூன்றும் டிக்கெட் எந்த விமான நிறுவனத்தின் பெயரில் வெளியானது என்பதைக் காட்டும்: ஸ்ரீலங்கன் என்றால் 603, எமிரேட்ஸ் 176, கட்டார் எயார்வேஸ் 157. பிறகு அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் குறியீட்டையும் குடும்பப் பெயரையும் இட்டு நீங்களே பாருங்கள். முகவரின் முறைமை தரும் குறியீடும் விமான நிறுவனம் தரும் குறியீடும் சில வேளைகளில் வெவ்வேறாக இருக்கும் என்பதால், இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: டிக்கெட்டில் என் பெயரும் தந்தையின் பெயரும் இடம் மாறியிருக்கின்றன. கட்டுநாயக்கவில் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்கிறார் முகவர். நம்பலாமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நம்பவேண்டாம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எது இருக்கிறதோ அதுவே டிக்கெட்டிலும் முதலில் வரவேண்டும். தந்தை பெயரை முன்னே எழுதும் நம் வழக்கத்தால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. இடமாற்றத்தையோ ஓரிரு எழுத்துப் பிழையையோ பல நிறுவனங்கள் திருத்தித் தருகின்றன. ஆனால் டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற அவை பொதுவாக இணங்குவதில்லை. திருத்தத்தை டிக்கெட் வெளியிட்ட முகவரே விமான நிறுவனத்திடம் கேட்டுப் பெறவேண்டும். கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுத்த பின்னரும் முகவர் பிழையாக அடித்திருந்தால் அதற்கான செலவு அவருடையது. வாய்மொழியாகப் பெயரைச் சொல்லிப் பதிந்திருந்தால் அப்படி வாதாடுவது கடினம்.

கேள்வி: புறக்கோட்டையில் சிறிய முகவர் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஐயாட்டா எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அங்கீகாரம் இல்லை. பெரிய முகவர் ஒருவர் ஊடாகவே டிக்கெட் எடுக்கிறோம். வாடிக்கையாளர் பணம் கட்டத் தாமதித்ததால் ஒரே ஆசனத்தைப் பல தடவை ரத்துச் செய்து மறுபடி பதிந்தேன். இப்போது அதற்கென்று ஒரு தொகையை எங்களிடம் கழித்திருக்கிறார்கள். டிக்கெட்டே எடுக்காத பதிவுக்கு எப்படிக் கட்டணம் வரும்?
— வாசகர், கொழும்பு 11

பதில்: ஒவ்வொரு பதிவுக்கும் ரத்துக்கும் கணினி முறைமைக்கு விமான நிறுவனம் செலவு செய்கிறது. கெடுவை நீட்டுவதற்காக அதே ஆசனத்தைத் திரும்பத் திரும்பப் பதிவதை இத்துறையில் சர்னிங் என்பார்கள். ஒரே பயணிக்கு ஒரே பாதையில் இரண்டு மூன்று பதிவுகள் வைத்திருப்பது, இல்லாத பெயரில் ஆசனம் பிடிப்பது ஆகியனவும் இதே கணக்கில் சேரும். இவற்றைக் கண்டால் விமான நிறுவனம் ஏ.டி.எம். (ADM) எனப்படும் அறவீட்டு அறிவித்தலை, அங்கீகாரம் பெற்ற முகவருக்கு, பி.எஸ்.பி. என்ற கணக்குத் தீர்ப்பு முறை வழியாக அனுப்பும். அவர் அதை உங்கள் கணக்கில் கழித்திருப்பார்.

ஆகவே அவரிடம் ஏ.டி.எம்.மின் பிரதியைக் கேளுங்கள். எந்தப் பி.என்.ஆருக்காக, என்ன காரணத்துக்காக என்பது அதில் தெளிவாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவர் ஊடாக மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. விமான நிறுவனம் சொன்னது ஒரு தொகை, உங்களிடம் கழித்தது வேறொரு தொகை என்றிருந்தால், அது உங்கள் இரு நிலையங்களுக்கும் இடையிலான விடயம். எழுத்தில் கேட்டு வையுங்கள்.

விசா விண்ணப்பத்துக்காக மட்டும் போடப்படும் பதிவுகளிலும் கவனம் தேவை. தூதரகம் கோப்பைப் பார்க்கும் முன்பே கெடு முடிந்து பதிவு மறைந்துவிடக்கூடும் என்பதை வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மீளப்பெறக்கூடிய கட்டணத்தில் டிக்கெட் எடுப்பது செலவு கூடியது என்றாலும், விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்பும். எவ்வளவு கழிப்பார்கள் என்பதை அந்தக் கட்டணத்தின் நிபந்தனைகளில் வாசித்துக் காட்டிய பிறகு பணத்தை வாங்குங்கள்.

கேள்வி: சென்னைக்குப் போய்வர டிக்கெட் எடுத்தேன். போகும் விமானத்தைத் தவறவிட்டு, வேறு டிக்கெட்டில் போனேன். திரும்பும் பயணமும் ரத்தாகிவிட்டது என்கிறார்களே?
— வாசகி, தெஹிவளை

பதில்: ஆம், அப்படித்தான் நடக்கும். டிக்கெட்டின் பயணப் பகுதிகளை வரிசைப்படியே பயன்படுத்தவேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனை. முதற்பகுதிக்கு வராதவரின் மீதிப் பகுதிகளை முறைமை தானாக நீக்கிவிடும். விமானம் புறப்படுமுன் அறிவித்திருந்தால், கட்டணத்துடன் திகதி மாற்றம் கிடைத்திருக்கக்கூடும். இப்போது கேட்கக்கூடியது, பயன்படுத்தாத பகுதிகளுக்கான விமான நிலைய வரிகளை மட்டுமே. மீளப்பெற முடியாத கட்டணத்திலும் இவ்வரிகளைப் பல நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன. டிக்கெட் இலக்கத்தைக் குறிப்பிட்டு, டிக்கெட் எடுத்த முகவர் மூலமே விண்ணப்பியுங்கள்.