ரத்தம் பார்த்து மயங்குகிற பையனும் பயாலஜி குரூப்பும்

ஐயா, வணக்கம்.

உசிலம்பட்டியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தாத்தாவின் காலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது மகன் பக்கத்தில் நின்றிருக்கிறான். கொட்டாவி விட்டான், மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது, "அப்பா, காது அடைக்குது" என்று சொல்லிக்கொண்டே சுவரோடு சரிந்துவிட்டான். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், பயாலஜி குரூப் படிக்கிற பையன். "ரத்தத்தைப் பார்த்தாலே விழுகிறவன் நாளைக்கு டாக்டருக்கோ வேறு மருத்துவப் படிப்புக்கோ போய் என்ன செய்வான்? இப்போதே காமர்ஸுக்கு மாற்றிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம். வேறு காரணம் இருந்தால் பேசலாம், இந்தக் காரணத்துக்காக வேண்டாம்.

அன்று நடந்தது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். பொதுவாகப் பயந்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். நாய் துரத்தினாலும் சரி, பரீட்சை ஹாலில் கேள்வித்தாளை நீட்டினாலும் சரி, அட்ரினலின் சுரந்து உடம்பு ஓடுவதற்குத் தயாராகிவிடும். ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பிவிடுகிற பரிவு நரம்புகளின் வேலை அது. ரத்தம், காயம், ஊசி ஆகியவற்றைக் கண்டு வருகிற பயம் மட்டும் வேறு ரகம். முதலில் துடிப்பு ஏறும், கொஞ்ச நேரத்தில் அப்படியே தலைகீழாக இறங்கும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளத்திலிருந்து வேகஸ் என்கிற நரம்பு கழுத்து வழியாக இறங்கி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகிறது. இதயத்தின் வேகத்தை மட்டுப்படுத்துவது இந்த நரம்புதான். உங்கள் மகனுக்கு அன்றைக்கு இது அளவுக்கு மீறி வேலை செய்துவிட்டது. அதே சமயம் ரத்தக் குழாய்களும் தளர்ந்து விரிந்து, ரத்தம் இடுப்புக்குக் கீழே தங்கிவிட்டது. மோட்டார் அழுத்தம் குறைந்தால் முதலில் தண்ணீர் நிற்பது மாடிக் குழாயில்தானே? நிற்கிற மனிதனுக்கு மூளைதான் மாடி. சில நொடிகள் அங்கே ரத்தம் போதாமல் போனால் நினைவு தப்பும். விழுந்து உடம்பு கிடையானதும் ரத்தம் மறுபடி தலைக்கு எட்டிவிடும், கண் திறந்துவிடுவான்.

பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தாராமே. கை லேசாக வெட்டி இழுத்ததால் வலிப்பு என்று நினைத்திருக்கிறார். சாதாரண மயக்கத்திலும் அப்படி ஒன்றிரண்டு இழுப்பு வரும். (வலிப்பாகவே இருந்தாலும் இரும்பு ஒன்றும் செய்யாது என்பது வேறு விஷயம்.) அவனைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து சோடா கொடுத்ததுதான் தப்பு. படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்திருந்தால் போதும், இரண்டாவது தடவை மயங்கியிருக்க மாட்டான்.

"மனத்திடம் இல்லாத பையன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முகுளம் யாரையும் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. மூச்சு, இதயத்துடிப்பு, வாந்தி, தும்மல் எல்லாம் அங்கேதான். தைரியசாலிக்கும் தும்மல் வரும். இன்னொன்று, அவன் அம்மாவும் ஊசி என்றால் கண் இருட்டுகிறது என்பார் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் தேடிக்கொண்டிருந்த தகவலே அதுதான். இந்த மயக்கம் பெரும்பாலும் குடும்பத்தில் ஓடுவது. தாய்வழியில் வந்த உடல்வாகுக்குப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஒரு ஈசிஜி எடுத்து, ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் பார்த்து மயங்குவதோடு நின்றால் கவலையில்லை. ஓடும்போது, விளையாடும்போது மயங்கினாலோ, நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டு மயங்கினாலோ, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்போது விஷயம் வேறு. உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போகலாம்.

அது சரியாக இருந்தால் அடுத்தது பயிற்சி. 1980-களில் ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்ற உளவியலாளர் இந்தப் பயத்துக்கென்றே ஒரு முறையை உருவாக்கினார். சில அமர்வுகளிலேயே பலருக்கும் பலன் கிடைத்தது. மற்ற பயங்களுக்கு "உடம்பைத் தளர்த்து, மூச்சை இழுத்து விடு" என்பார்கள். இதில் அதற்கு நேர்மாறு. ஏற்கெனவே அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிற உடம்பை மேலும் தளர்த்தினால் சீக்கிரம் விழுவான், அவ்வளவுதான். உட்கார்ந்துகொண்டு கை, தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்க வேண்டும். முகம் சூடாகிற வரை, பத்துப் பதினைந்து நொடி. பிறகு பழைய நிலைக்கு விட வேண்டும், துவண்டு போகிற அளவுக்கு அல்ல. அரை நிமிடம் கழித்து மறுபடி. ஐந்து தடவை செய்தால் ஒரு சுற்று. தசை இறுகினால் கீழே தேங்கிய ரத்தம் மேலே தள்ளப்பட்டு அழுத்தம் ஏறும். வீட்டில் ஒரு வாரம் வெறுமனே பழகட்டும். பிறகு காயத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் வீடியோ, அப்புறம் ரத்தப் பரிசோதனைக் கூடம், கடைசியில் தாத்தாவின் கட்டு. காது அடைக்கத் தொடங்கும் அந்தக் கணத்தைக் கண்டுபிடித்து உடனே இறுக்கப் பழகுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் கேட்டால் கூட இருந்து சொல்லிக் கொடுப்பார்கள்.

மருத்துவக் கல்லூரியில் முதல் தடவை ஆபரேஷன் தியேட்டருக்குள் நின்று சரிகிற மாணவர்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் படிப்பை விட்டுவிட்டுப் போவதில்லை.

இனி படிப்பு. "விலங்கியலில் நரம்பு மண்டலப் பாடத்தை மட்டும் விழுந்து விழுந்து படிக்கிறான், அதனால் என்ன பிரயோசனம்" என்று அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல சேதியாகப் படுகிறது. அவனிடம் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி பற்றிச் சொல்லுங்கள். தவளையின் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயத்தை நனைத்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்பு ஒரு ரசாயனம் வழியாகத்தான் பேசுகிறது என்று 1921-ல் காட்டினார். பிறகு அது அசிட்டைல்கோலின் என்று தெரிந்தது, 1936-ல் ஹென்றி டேல் என்ற இன்னொரு விஞ்ஞானியுடன் சேர்ந்து நோபல் பரிசு. இந்தச் சோதனை தனக்குக் கனவில் வந்தது என்று லோவியே சொல்லியிருக்கிறார். முதல் நாள் இரவு தூக்கத்தில் கிறுக்கி வைத்ததைக் காலையில் படிக்க முடியவில்லை, மறுநாள் இரவும் அதே கனவு வந்ததும் எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். உங்கள் மகனைச் சாய்த்த அதே நரம்புதான். அவனுக்குப் பிடிக்கும்.

நரம்பு மருத்துவர் ஆவதுதான் ஆசை என்றால் பாதை நீளம் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எம்பிபிஎஸ் இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருடம், மேற்படிப்பான எம்டி மூன்று, அதற்கும் மேலே நரம்பியலில் டிஎம் மூன்று. முப்பது வயதை ஒட்டித்தான் முடியும். நீட் எழுத வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படிக்கிறவனுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. குரூப்பை மாற்றினால் அந்தக் கதவும் சேர்ந்து மூடிவிடும்.

எம்பிபிஎஸ் மட்டும்தான் வழி என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பக்கவாதம் வந்தவரை நடக்க வைப்பது பிசியோதெரபிஸ்ட். பேச்சு போனவருக்குப் பேச்சை மீட்டுத் தருவது ஸ்பீச் தெரபிஸ்ட், அதற்கு பிஏஎஸ்எல்பி என்ற நான்கு வருடப் படிப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால் நம் பக்கத்துப் பெற்றோர் அதிகம் யோசிக்காத நல்ல படிப்பு இதுதான். காது கேளாத குழந்தைகள், திக்குவாய், பக்கவாதம் என்று வேலைக்குக் குறைவில்லை, ரத்தம் பார்க்க வேண்டிய அவசியமும் மிகக் குறைவு. மூளையின் மின் அலைகளைப் பதிகிற இஇஜி, நரம்பில் மின்சைகை போகிற வேகத்தைப் பார்க்கிற நரம்புக் கடத்தல் சோதனை ஆகியவற்றை எடுக்கிற டெக்னீஷியன் வேலையும் அப்படித்தான்.

உளவியல் படிக்கலாமா என்றால் படிக்கலாம், ஆனால் கல்லூரிக்குப் போய்ப் படிக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியிலும் ஆன்லைனிலும் உளவியல் பட்டம் நடத்துவதை 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்திவிட்டது. தபாலில் படித்து கவுன்சலிங் சென்டர் போடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த பயிற்சி வேண்டும். அதைச் சேர்வதற்கு முன்பே விசாரிப்பது நல்லது.

அப்புறம் ஆராய்ச்சி. இதற்கு நீங்கள் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தையும், சென்னை ஐஐடியில் 2022-ல் தொடங்கிய மூளை ஆய்வு மையத்தையும்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். தேனி ரோட்டில் பஸ்ஸில் வரும்போது தாண்டி வருகிற காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர், தூக்கம் விழிப்புக்கு உடம்பு தானே நேரம் பார்த்துக்கொள்கிற உடல் கடிகாரத்தை ஆராய்ந்தார். மதுரைப் பக்கத்துக் குகையில், வெளிச்சம் எட்டாத இருட்டில் கூண்டில் வைத்த வௌவால்கூட, மற்ற வௌவால்கள் வெளியே போய்த் திரும்புகிற சலசலப்பை வைத்துத் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று அவருடைய குழு 1981-ல் காட்டியது. கடிகாரமும் சூரியனும் தெரியாத தனி அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். பிஎஸ்சி விலங்கியல் படித்தால் வாத்தியார் வேலைதான் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எம்எஸ்சி, பிஎச்டி என்று போக வேண்டியிருக்கும், சம்பளம் தாமதமாக வரும். அதை மறைக்கவில்லை.

இதில் எது அவனுக்கு என்று இப்போதே முடிவு கட்டத் தேவையில்லை. அவனையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, மயங்கியது பற்றி அவனுக்கு என்ன தோன்றுகிறது. இத்தனை நீளக் கடிதத்தில் அவன் நினைப்பது என்ன என்று ஒரு வரிகூட இல்லை. கணக்கும் வேதியியலும் உண்மையாகவே வரவில்லை, கணக்குப்பதிவியலில்தான் ஆசை என்று அவன் எழுதினால், அப்போது காமர்ஸ் பற்றி உட்கார்ந்து பேசுவோம்.

குரூப் மாற்றும் விண்ணப்பத்தைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். திங்கட்கிழமை போய் அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள். ஈசிஜி ரிப்போர்ட் வந்ததும், அவன் எழுதிய தாளையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு பையனோடு வாருங்கள்.