கொளத்தூரில் வாங்கிய கடல் மீனை எத்தனை மணி நேரம் ட்ரிப் போட வேண்டும்?

கேட்டிருப்பது இது: சென்னை கொளத்தூர் அலங்கார மீன் சந்தையில் இரண்டு க்ளவுன் மீன், ஒரு பவுடர் ப்ளூ டேங் மீன் வாங்கி, 3 மணி நேரம் ட்ரிப் போட்டு (அதாவது கவர் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து மீனைப் பழக்கி) 4 அடி தொட்டியில் விட்டாராம். பத்தே நாளில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. ட்ரிப் போதவில்லையா?

ட்ரிப்புக்கும் புள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. அது கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி, மீனோடு கூடவே வந்தது. அதற்கு பவுடர் ப்ளூவைப் போல் சுலபமாக மாட்டுகிற மீன் குறைவு. புது மீனை முதலில் தனியே வைத்துப் பார்க்கும் தனித்தொட்டி இருந்திருந்தால் ஒட்டுண்ணி அங்கேயே மாட்டியிருக்கும்.

நீண்ட ட்ரிப் சில சமயம் கெடுதல்கூட. கட்டிய கவருக்குள் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடால் தண்ணீரின் பிஹெச் இறங்கும். அதனால், மீன் கழிவிலிருந்து சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. கவரைப் பிரித்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். அந்தத் தண்ணீரிலேயே 3 மணி நேரம் மீனை வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவதில் என்ன லாபம்? கொளத்தூரிலிருந்து வியாசர்பாடிக்கு ஒரு மணி நேரப் பயணம் என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. விமானத்தில் வந்த பார்சலைப் பிரிக்காமல் அப்படியே வாங்கினால் நிச்சயம் வேலையைக் காட்டும்.

செய்ய வேண்டியது தலைகீழ். மீனைத் தண்ணீருக்குப் பழக்காதீர்கள், தண்ணீரை மீனுக்குப் பொருத்துங்கள். கடையிலேயே அவர்கள் தொட்டியின் உப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) பாருங்கள்; பல கடைகளில் ஒப்படர்த்தி 1.020 பக்கம்தான் இருக்கும். உங்கள் தனித்தொட்டி 60 லிட்டர், 1.025 என்றால், சுமார் 12 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் 1.020 வரும். கவரை 15 நிமிடம் மிதக்கவிட்டு, பிரித்ததும் மீனை மட்டும் எடுத்து உள்ளே விடுங்கள். கவர் தண்ணீர் சாக்கடைக்கு. உப்பு இறங்குவதை மீன் தாங்கும், சட்டென்று ஏறுவதைத்தான் தாங்காது. பிறகு உப்பை மறுபடி ஏற்ற ஒரு நாளைக்கு 0.001 போதும். நம்மூர் வெயிலில் ஃபேன் போட்டாலே தண்ணீர் வற்றும். அந்த நாட்களில் வற்றியதை உப்புத் தண்ணீரால் நிரப்புங்கள், தானாக ஏறிவிடும்.

தனித்தொட்டிக்கு 24x12x15 அங்குலம் போதும். மணல், லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கடல் பாறை) வேண்டாம், மருந்தை உறிஞ்சிவிடும். ஒளிய பிவிசி எல்போ இரண்டு. ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஒரு மாதம் முன்பே பெரிய தொட்டியின் சம்பில் (கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) ஊறப் போட்டால்தான் அதில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பிடிக்கும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று. மே மாதச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு.

மீன் சாப்பிட ஆரம்பித்ததும் ஒட்டுண்ணிக்குக் காப்பர் மருந்து. கீலேட் வகை (வேறொரு பொருளோடு பிணைத்த காப்பர்) என்றால் 2.0-லிருந்து 2.5 பிபிஎம், இரண்டு நாளில் ஏற்றி, 30 நாள் பிடித்து வைக்க வேண்டும். மீன்மேல் ஒட்டியிருப்பதையும் தரையில் கூடு கட்டியிருப்பதையும் காப்பர் தொடாது. கூட்டிலிருந்து வெளிவந்து நீந்தும் குஞ்சைத்தான் கொல்லும். அதனால் நடுவில் ஒரு நாள் அளவு இறங்கினாலும் அன்று வெளிவந்தது தப்பித்துக்கொள்ளும். பெரும்பாலும் இறங்குவது தண்ணீர் மாற்றும்போதுதான்: 2.25 இருக்கும் 60 லிட்டரில் 15 லிட்டரை மருந்தில்லாமல் மாற்றினால் 1.7-க்கு வந்துவிடும். புதுத் தண்ணீரிலும் அதே அளவு கலந்தே ஊற்றுங்கள். அம்மோனியா ஏறுகிறதே என்று அதைக் கட்டும் கண்டிஷனரை ஊற்ற வேண்டாம், காப்பரோடு சேர்ந்தால் மீனையே கொல்லலாம். தண்ணீர் மாற்றுவதுதான் வழி. மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கண்ணளவில் போடுவதெல்லாம் விபரீதம்.

க்ளவுனுக்குத் தோல் வழுவழுவென்று உரிந்து வந்தால் அது ப்ரூக்லினெல்லா என்ற வேறு ஒட்டுண்ணி. காப்பர் அதற்கு வேலை செய்யாது. காப்பர் முடிந்த பிறகு, தோலிலும் செவுளிலும் ஒட்டும் புழுவுக்கு பிராஸிகுவான்டெல் என்ற மருந்து, லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், அதாவது 60 லிட்டருக்கு 150 மில்லிகிராம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

தண்ணீர் பற்றி இரண்டு வார்த்தை. காசிமேட்டில் கேனில் பிடித்து வருவது இலவசம்தான், ஆனால் படகு டீசலும் சேர்ந்து வரும். வடகிழக்குப் பருவமழையில் கடலின் உப்பும் இறங்கும். 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணூரில் எண்ணெய் கொட்டியதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ஆர்ஓவில் 'காப்பர்' கார்ட்ரிட்ஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள். நமக்கு நல்லதென்று விற்கும் அந்தக் காப்பர் பெரிய தொட்டியின் இறாலுக்கும் பவளத்துக்கும் ஆகாது.

உங்கள் 4 அடி தொட்டியில் இப்போது ஒட்டுண்ணி இருக்கிறது. எல்லா மீனையும் தனித்தொட்டிக்கு மாற்றிவிட்டு 76 நாள் மீனில்லாமல் ஓடவிடுங்கள். நத்தை, இறால், பவளம் அங்கேயே இருக்கலாம். திரும்ப விடும்போது வலையையும் கப்பையும் இரண்டு தொட்டிக்கும் பொதுவாக வைக்காதீர்கள், காப்பரில் ஊறிய ஸ்பாஞ்சை மறுபடி சம்பில் போடாதீர்கள்.