பறவைகளின் வட்டாரப் பாட்டு: டர்பன் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சாட்ஸ்வொர்த் பகுதி வாசகர்: ஐயா, நம் ஊர் மைனாவின் பூர்வீகம் இந்தியாதானே? பழைய பாட்டை இன்னும் வைத்திருக்குமா?

மைனா காதில் விழுவதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும், அதனால் அதில் பிரித்தறிவது கடினம். ஆனால் பழைய பாட்டு அப்படித் தங்கியதற்கு நல்ல சான்று யெல்லோஹாமர். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து நியூசிலாந்துக்குக் கொண்டுபோன பறவை அது. பிரிட்டனில் இன்று கேட்காத வட்டாரப் பாட்டுகள் (ஒரே இனம் ஊருக்கு ஊர் மாற்றிப் பாடுவது) நியூசிலாந்தில் கேட்கின்றன. தாய்நாட்டில் எண்ணிக்கை சரிந்தபோது பாட்டும் போயிருக்கலாம்.

பைன்டவுன்: 'பீட் மை ஃப்ரோ' என்று கூவும் குயில் ஊருக்கு ஊர் மாற்றிக் கூவுமா?

கூவாது. குயிலுக்குக் கூவல் பிறவியிலேயே வருகிறது. கேட்டுக் கற்கும் பறவைக்குத்தான் வட்டாரப் பாட்டு.

டொங்காட்: ஹடீடா அரிவாள்மூக்கன்? புறா?

மேலே சொன்ன பதில்தான்.

ஃபீனிக்ஸ்: பாட்டு மாறுவதற்கு வண்டிச் சத்தம்தான் காரணம். வேறென்ன இருக்கிறது?

சத்தம் ஒரு காரணம். 2020 ஊரடங்கில் சான்பிரான்சிஸ்கோ அமைதியானபோது அங்குள்ள வெண்முடிச் சிட்டுகள் குறைந்த ஒலியில் பாடின. ஆனால் கனடாவின் வெண்தொண்டைச் சிட்டைப் பாருங்கள். மும்மூன்று சுரமாக முடிந்த அதன் பாட்டு, மேற்கே தொடங்கி இரண்டிரண்டாக மாறி, 2000 முதல் 2019க்குள் ஒன்டாரியோ வரை 3,000 கி.மீ.க்கும் மேல் பரவிவிட்டது. அந்தக் காட்டில் என்ன வண்டி?

ஃபீனிக்ஸ் (மறுபடியும்): காட்டிலும் சாலை உண்டே!

உண்டு. ஆனால் இதற்கு வேறு விளக்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் கிழக்கு, மேற்கு இரு பக்கத்துப் பறவைகளும் ஒரே இடத்தில் தங்குவதால், இளசுகள் அங்கே கற்றிருக்க வாய்ப்பு அதிகம். மாறாமலும் இருக்கும்: கிழக்கு ஆப்பிரிக்க மலைகளில் தனித்தனியே பிரிந்த சில தேன்சிட்டுக் கூட்டங்கள், பல்லாயிரம் ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே பாட்டைப் பாடுகின்றன. ஃபீனிக்ஸ் அன்பரே, சத்தத்தை இத்துடன் விடுவோம்.

வெருலம்: போனில் போட்டுப் பறவைக்குப் புதுப் பாட்டுக் கற்றுக்கொடுக்கலாமா?

வேண்டாம். மூன்று பேர் இதையே கேட்டுவிட்டார்கள். எதிரி வந்ததாக நினைத்து, குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டுவிட்டு அது விரட்டக் கிளம்பும்.

இசிபிங்கோ: மாறினால் மாறட்டுமே, ஏன் கவலை?

மாறுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அறுந்துபோவதைப் பற்றித்தான். ஆஸ்திரேலியாவின் ரீஜன்ட் ஹனிஈட்டர் என்ற பறவை சில நூறுதான் மிச்சம். பாடிக்காட்டப் பெரிய ஆண்கள் அருகில் இல்லை, அதனால் இளம் ஆண்களில் சில வேறு பறவைகளின் பாட்டைப் பாடுகின்றன. அவற்றுக்குத் துணை கிடைப்பது அரிது. அப்புறம், கூண்டில் வளரும் குஞ்சுகளுக்கு அங்கே காட்டுப் பறவையை வைத்தே சொந்தப் பாட்டைக் கற்பிக்கிறார்கள்.