தைக்கிறது லேசு, காயப்போடுறதுதான் பாடு

அக்கா, நான் தலவாக்கலை பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கேன், ஆவணியில எனக்கு மொதப் புள்ள பொறக்க இருக்கு. பெம்பர்ஸ் வாங்கி கட்டுப்படியாகாது, அதனால வீட்டுலயே துணி நெப்பி தைக்கலாம்னு இருக்கேன். அம்மாவோட பழைய கை மெசின் இருக்கு, ஆனா தலையணை உறை தவிர வேற ஒன்னும் தைச்சதில்ல. போன்ல பாத்தா இலாஸ்டிக், பட்டன் எல்லாம் வச்சு அழகழகா தைக்கிறாங்களே, நானும் அப்பிடி தைக்கலாமா?

தலையணை உறை தைச்ச கைக்கு நெப்பி தாராளமா வரும் தங்கச்சி. ஆனா போன்ல காட்டுறத இப்ப தைக்காதீங்க. அதெல்லாம் நல்லா வெயில் அடிக்கிற ஊருக்கும் ட்ரையர் இருக்குற வீட்டுக்கும் சரி. உங்க பக்கம் வைகாசி கடைசியில புடிச்சா புரட்டாசி வரைக்கும் மழையும் மூட்டமும்தான், அதுல ஆறு ஏழு மடிப்ப ஒன்னா சேத்து தைச்ச நெப்பிய காயப்போட்டா வெளிப்பக்கம் காஞ்சிருக்கும், நடுவுல ஈரம் அப்பிடியே நிக்கும், மறுநாள் மக்கின வாடை அடிக்கும். அத புள்ளைக்கு கட்ட முடியாது.

அதனால ஒத்தை மடிப்பு சதுரத் துணிதான் உங்களுக்கு தோது. கட்டுறப்ப மடிச்சிக்கிட்டா தடிப்பு, காயப்போடுறப்ப விரிச்சிட்டா மெல்லிசு. புடவைக்கடையில 58 இஞ்ச் அகலத்துல வர்ற ஃப்ளனல் இல்லாட்டி மெல்லிய பருத்தித் துணி ஒன்றரை மீட்டர் எடுத்தா 4 துண்டு வரும். வெட்டுறதுக்கு முன்னாடி சுடுதண்ணியில அலசி காய வைங்க, பருத்தி சுருங்கும். அப்புறம் நாலா வெட்டி, ஓரத்த ரெண்டு தடவை மடிச்சு சுத்தி ஒரு தையல், அவ்வளவுதான், கடைசியில 27 இஞ்ச் சதுரத்துக்கு கிட்டத்தட்ட வந்து நிக்கும். பழைய கை மெசின் நேர் தையல் மட்டும்தான் போடும், இதுக்கு அதுவே போதும். பழைய டீசேட் இருந்தா இன்னும் லேசு, ஓரம் பிரியாது, வெட்டினா போதும் தைக்கவே தேவையில்ல, நல்லா ஈரமும் உறிஞ்சும்.

புதுத் துணியில கஞ்சியும் பஞ்சோட எண்ணெய்ப் பசையும் இருக்கும், அதனால மொத தடவையே உறிஞ்சலையேனு பயப்படாதீங்க, அஞ்சாறு தடவை அலசினா சரியாயிரும். பச்சப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு 10, 12 தடவை மாத்த வேண்டி வரும், உங்க பக்கம் காயவே ரெண்டு நாள் எடுக்கும்னா கையில 30 துண்டாவது இருக்கணும். ராத்திரிக்கு பழைய டவல்ல ஒரு நீளத் துண்டு வெட்டி உள்ள வைங்க, ஆனா அத நெப்பியோட சேத்து தைச்சிராதீங்க, தனியாவே இருக்கட்டும், தனியாத்தான் காயும்.

பண்டாரவளையில இருந்து எழுதுறேன். கொழும்புல இருந்து தண்ணி புடிக்காத பி.யு.எல் துணி எடுப்பிச்சு நெப்பிக்கு மேல போடுற கவர் தைச்சேன். தையல் வழியாவும் கால் பக்கத்தாலயும் ஒழுகுது. துணி கள்ளத் துணியா?

துணிய குத்தம் சொல்ல முந்தி தையல பாருங்க. அந்தத் துணியில ஒரு பக்கம் பிளாஸ்டிக் மாதிரி படலம் ஒட்டியிருக்கும், ஊசி குத்தின ஓட்டை மூடாது. வெட்டுறப்ப நடுவுல குண்டூசி குத்தியிருந்தா அது வழியா வரும், அதனால துணி காயப்போடுற கிளிப்பாலயே புடிச்சிக்கிட்டு தைங்க. நூல் பருத்தி நூலா இருந்தா அதுவே திரி மாதிரி ஈரத்த வெளிய இழுத்துக்கிட்டு வரும், பொலியெஸ்டர் நூல் போடுங்க, பொபின்லயும்தான், அத நிறையப் பேர் மறந்துர்றாங்க. தையல் ரொம்ப நெருக்கமா வேண்டாம், 3 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

கால் பக்கம் ஒழுகுறது வேற கதை. உள்ள வச்ச துணி ஒரு நூல் அளவு கவருக்கு வெளிய எட்டிப் பாத்தாலும் உடுப்பு நனையும். இலாஸ்டிக் லூசா இருந்தாலும் அப்பிடித்தான். கால் வளைவோட நீளத்துல முக்கால்வாசிக்கும் குறைவா இலாஸ்டிக் வெட்டணும். ஜிக்ஜாக் தையல் இல்லாத மெசின்னா பாவாடைக்கு நாடா கோர்க்க மடிச்சு தைப்போமே, அதே மாதிரி ஒரு குழாய் தைச்சு ஊக்கால கோர்த்து ரெண்டு முனையையும் அடிச்சிருங்க. தொடையில செவந்த தடம் ரொம்ப நேரம் நிக்குதுன்னா இறுக்கம் கூடிப்போச்சுனு அர்த்தம்.

இன்னொன்னு, துணி வாசமா இருக்க சாஃப்ட்னர் ஊத்துறீங்களா? அது நூல் மேல படிஞ்சு உறிஞ்ச விடாது. காஞ்ச நெப்பியில ரெண்டு சொட்டு தண்ணி விட்டு பாருங்க, முத்து மாதிரி உருண்டு நின்னா அதுதான் காரணம், சவுக்காரம் போடாம சுடுதண்ணியில ரெண்டு மூணு தடவை அலசுங்க.

நுவரெலியாவுல குளிருக்கு நெப்பிக்கு மேல பிளாஸ்டிக் ஜங்கி போட்டா புள்ளைக்கு உள்ள வேர்த்து தோல் செவக்குது. வேற என்ன போடலாம்?

வீட்டுல பழைய கம்பளி சுவெட்டர் இருக்கா? அசல் ஆட்டு ரோமம்னா அதுல கவர் தைக்கலாம். ரோமம் தன் எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஈரத்த உள்வாங்கியும் தொட்டா நனைஞ்ச மாதிரி இருக்காது, காத்தும் போகும். ஆனா கடையில உல்லன்னு சொல்லி விக்கிறதுல நிறைய அக்ரிலிக். ஒரு இழை பிச்சு ஜாக்கிரதையா கொளுத்திப் பாருங்க, முடி கருகுற வாடை அடிச்சு சாம்பலா நொறுங்கினா ரோமம், உருகி கட்டியா இறுகினா அக்ரிலிக், அது இதுக்கு ஆகாது. செவப்பு தொடை மடிப்புக்குள்ளயும் பரவி, சுத்தி சின்னச் சின்ன புள்ளியா வந்து மூணு நாள்ல அடங்கலைன்னா கவர மாத்திக்கிட்டு இருக்காம கிளினிக்ல காட்டுங்க, அது பூஞ்சையா இருக்கலாம்.

பழைய சேலை போதும், எதுக்கு காசு செலவழிக்கிறனு மாமியார் சொல்றாங்க. சரியா?

பருத்திச் சேலைன்னா மாமியார் சொல்றது முழுக்க சரி. நைலெக்ஸ், ஜோர்ஜட்னா உறிஞ்சாது.

மழை நாள்ல அடுப்புக்கு மேல கயிறு கட்டி காயப்போடலாமா அக்கா? ஹட்டன்ல இருந்து கேக்குறேன்.

தோட்டத்து லயத்துல எல்லாரும் செய்றதுதான். ஆனா வெறகுப் புகை துணியில ஏறும், அது புள்ளையோட தோலுக்கும் மூச்சுக்கும் நல்லதில்ல, கயிறு அறுந்து விழுந்தா தீயும் புடிக்கும். இஸ்தோப்புல, அதான் முன் திண்ணையில, கூரைக்கு கீழ, காத்து போற பக்கமா கயிறு கட்டி, ஒன்னோட ஒன்னு ஒட்டாம போடுங்க. கடைசி ஈரத்துக்கு இஸ்திரிப் பெட்டி போடலாம், பருத்திக்கு மட்டும்தான், பிளாஸ்டிக் கவர் பக்கமே கொண்டு போகாதீங்க. பதுளைப் பக்கத்து ஆளுங்க குடுத்து வச்சவங்க, நமக்கு அடை மழை பெய்ற நேரம் அவங்களுக்கு ஈரமில்லாத கச்சான் காத்து வீசும், காலையில போட்டா மத்தியானத்துக்கு மடிச்சு வைக்கலாம். ஆனா மார்கழி மழைக்கு அவங்களும் நம்ம கதைதான்.