165 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு?

கேள்வி: 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டேன். கம்ப்யூட்டரில் ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு இருக்கின்றன. தினமும் ஆடுவது வேலரன்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2. லீவு நாளில் சைபர்பங்க் 2077. கடையில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி கார்டை எடுக்கச் சொல்கிறார்கள். 16 ஜிபிக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் என்கிறார்கள். எடுக்கலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: அந்த 8 ஜிபி கார்டை எடுக்காதீர்கள். கார்டு வாங்குவதற்கு முன்னால், உங்களுக்கு உண்மையிலேயே கார்டுதான் குறையா என்று இன்று சாயங்காலமே பார்த்துவிடுங்கள். காசு செலவில்லாத வேலை.

165 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) கிடைக்கும் நேரம் சுமார் 6 மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸில் அது 16.7. யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எங்கே பட்டது என்ற கணக்கையெல்லாம் பிராசசர் இந்த 6 மில்லிசெகண்டுக்குள் முடித்து கார்டிடம் தர வேண்டும். பிறகுதான் கார்டு படம் வரையும். வேலரன்ட் மாதிரி விளையாட்டில் வரைகிற வேலை குறைவு, கணக்கு வேலை அதிகம். அங்கே பிராசசர் திணறினால் எவ்வளவு விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) ஏறாது.

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-இல் ஒரு டெத்மேட்ச் போங்கள். என்விடியா ஆப் இருந்தால் ஆல்ட்-ஆர் அழுத்தினால் திரை ஓரத்தில் எஃப்பிஎஸ், ஜிபியு (கார்டின் சிப்) உபயோகம் எல்லாம் வரும். ஆள் கூட்டமாகச் சுட்டுக்கொள்ளும் இடத்தில் கவனியுங்கள். ஜிபியு 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டு முழு மூச்சில் ஓடுகிறது. 60, 70-இல் நின்று எஃப்பிஎஸ்ஸும் குறைவாக இருந்தால் பிராசசர் பின்தங்குகிறது. சந்தேகமிருந்தால் ரெசொல்யூஷனை 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் கார்டுதான் தடை. அப்படியே நின்றால் பிராசசர்தான்.

பிராசசர் என்று தெரிந்தால், முதலில் பயாஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) போய் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். 3200 ரேம் வாங்கி 2133-இல் ஓட்டுபவர்கள் நிறைய. 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் இரண்டு குச்சியாக மாற்றுவதே நல்ல மாற்றம் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால், பயாஸை அப்டேட் செய்துவிட்டு ரைசன் 7 5700எக்ஸ்3டி போடலாம், நியாயமான விலையில் கிடைத்தால். உங்கள் 5600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, 5700எக்ஸ்3டியில் 96 எம்பி. போட்டி விளையாட்டுகளில் அந்த கேஷ்தான் வேலை செய்கிறது.

கார்டுதான் தடை என்றால் இப்போது 8 ஜிபி விஷயத்துக்கு வருவோம். 5060 டிஐ-யின் இரண்டு வகையிலும் சிப் ஒன்றுதான், மெமரிப் பாதையும் அதே 128 பிட். 2025 ஏப்ரலில் வந்தபோது அமெரிக்க விலை 379, 429 டாலர். அந்த 50 டாலர் வித்தியாசம் மெமரிக்கு மட்டும். 1440பி-யில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்பு விவரம்) உயர்த்தி வைத்தால் இன்றைய பெரிய விளையாட்டுகள் பலவற்றுக்கு 8 ஜிபி போதாது. நிரம்பி வழிவதை கார்டு, மதர்போர்டு ஸ்லாட் வழியாக ரேமில் போய் எடுக்க வேண்டும். 5060 டிஐ அந்த ஸ்லாட்டில் 8 லேன் (தரவு போகும் தடம்) மட்டுமே பயன்படுத்தும். பிசிஐஇ (அந்த ஸ்லாட்டின் தரம்) 5.0 வேகத்தில் 8 லேனே தாராளம். ஆனால் உங்கள் பி450 பிசிஐஇ 3.0. கார்டு எதிர்பார்க்கும் வேகத்தில் கால்வாசிதான் கிடைக்கும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத் தெரிந்தாலும் திரும்பும் ஒவ்வொரு முனையிலும் படம் திக்கும். விமர்சனங்களில் சராசரியை விட்டுவிட்டு '1 சதவீத லோ' (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) எண்ணைப் பாருங்கள், இந்தத் திக்கல் அங்கேதான் தெரியும். உங்கள் மதர்போர்டு என்னவென்று கேட்காமலே 8 ஜிபி போதும் என்று யாரும் சொல்லக் கூடாது.

என் தேர்வு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. 2025 ஜூனில் 349 டாலருக்கு வந்தது. ஸ்லாட்டின் 16 லேனையும் பயன்படுத்துவதால் பழைய போர்டில் அதற்கு இருமடங்கு வழி கிடைக்கிறது. சுமார் 160 வாட் இழுக்கும், நல்ல 550 வாட் பவர் சப்ளை போதும். சைபர்பங்கில் ரே டிரேசிங்கை (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிடும் வசதி) முழுதாகப் போட்டு ஆடுவதுதான் ஆசை என்றால் மட்டும் என்விடியாவின் 5060 டிஐ 16 ஜிபிக்குப் போங்கள். அதில் என்விடியாவின் கை ஓங்கியிருக்கிறது. 9060 எக்ஸ்டியும் 8 ஜிபியில் அதே பெயரில் விற்கிறது. பெட்டியிலும் பில்லிலும் 16 ஜிபி என்று இருக்கிறதா, சீரியல் எண் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். இந்திய வாரன்ட்டி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைபர்பங்க் இவற்றில் எதிலும் 1440பி உயர் செட்டிங்கில் 165-ஐத் தொடாது. ஃப்ரீசிங்க் (எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) ஆனில் இருந்தால் 80, 90-லேயே வழுக்கிக்கொண்டு போகும். அதில் மனம் தளர வேண்டாம்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கினால் மல்டி ஃபிரேம் ஜெனரேஷனில் 200 எஃப்பிஎஸ் வரும் என்று விளம்பரத்தில் பார்த்தேன். நம்பலாமா?

பதில்: எண் வரும், வேகம் வராது. விளையாட்டு கணக்கிட்டுத் தரும் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே கார்டு தானாக மூன்று வரை ஊகித்துச் சொருகுகிறது. அசல் 50 என்றால் மீட்டர் 200 வரை காட்டும். உங்கள் மவுஸ் அசைவுக்கு விளையாட்டு பதில் சொல்வது அந்த 50-க்குத்தான். நடுவே சொருக அடுத்த ஃபிரேம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் தாமதம் இன்னும் கூடுகிறது. அசல் எஃப்பிஎஸ் 60, 70 இருக்கும்போது கதை விளையாட்டில் போட்டால் கண்ணுக்கு இதமாக இருக்கும், அந்த அளவுக்கு நல்ல வசதிதான். சுட்டுவிளையாட்டில் போடாதீர்கள்.

2025 ஜனவரியில் என்விடியா 549 டாலர் 5070-ஐ அறிமுகப்படுத்தும்போது முந்தைய தலைமுறையின் உச்ச கார்டான 4090-க்கு நிகர் என்று மேடையில் சொன்னது இந்த எண்ணை வைத்துத்தான். அதில் 12 ஜிபி, 4090-இல் 24 ஜிபி. எந்தக் கார்டை ஒப்பிட்டாலும் ஃபிரேம் ஜெனரேஷன் இல்லாத எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: புது கார்டு, புது 165 ஹெர்ட்ஸ் 1440பி மானிட்டர் இரண்டும் போட்டேன். பழைய 60 ஹெர்ட்ஸ் போலவேதான் தெரிகிறது.

பதில்: 60-லேயே ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரிஃப்ரெஷ் ரேட்டை 165-க்கு மாற்றுங்கள். அந்த எண் பட்டியலிலேயே இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள். மதர்போர்டில் செருகியிருந்தால் பிடுங்கி கார்டில் செருகுங்கள், ஹெச்டிஎம்ஐக்குப் பதில் டிஸ்ப்ளேபோர்ட்டில். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தாலே இந்த மானிட்டருக்கு 165 கிடைக்கும். மானிட்டரோடு பெட்டியில் வந்த கேபிளே போதும், விலை கூடிய கேபிள் தேவையில்லை.